வீட்டு வைஃபைக்கு எந்தப் பாதுகாப்பு அமைப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். நெட் மெதுவாக வருகிறது, புது டிவி இணைய மறுக்கிறது என்று யாராவது கூப்பிடுவார்கள், போய்ப் பார்ப்பேன். கோளாறு எதுவாக இருந்தாலும், ரவுட்டரின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பொருத்த வந்தவர் முதல் நாள் எதை வைத்துவிட்டுப் போனாரோ, அதுவே இன்றும் இருக்கும். கடவுச்சொல் அந்த வீட்டுக்காரரின் போன் நம்பராக இருக்கும். மாற்றிக் கொடுக்கும்போது கேள்விகள் வரும். அங்கே திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். வீட்டு ரவுட்டருக்கு மட்டும் பொருந்துபவை இவை.

விளக்கத்தை அப்புறம் படித்துக்கொள்கிறேன். இப்போதைக்கு எதைத் தேர்வு செய்யட்டும்?

பட்டியலில் "டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 பர்சனல்" இருந்தால் அது. இல்லையென்றால் "டபிள்யூபிஏ2-பிஎஸ்கே", பக்கத்திலேயே குறியாக்கம் எது என்று கேட்டால் "ஏஇஎஸ்". கடவுச்சொல்லாக நான்கைந்து சொற்கள் சேர்ந்த நீளமான ஒன்று. டபிள்யூபிஎஸ் வசதி (பொத்தானை அழுத்தியோ பின் நம்பர் போட்டோ கருவியை இணைப்பது) அணைந்திருக்கட்டும். ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போவது?

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வைஃபையில் இணைந்திருக்கும் போனிலோ லேப்டாப்பிலோ பிரவுசரைத் திறந்து, முகவரிப் பட்டையில் அந்த எண்களை அப்படியே தட்டுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அவையும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனதும் "வயர்லெஸ்" அல்லது "டபிள்யூலேன்", அதற்குள் "செக்யூரிட்டி". 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பக்கமும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு இன்னொரு பக்கமும் தனித்தனியாக இருக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டையும் பாருங்கள்.

முடிந்தால் லேன் கேபிள் செருகிய கணினியிலிருந்து செய்யுங்கள். வைஃபையிலிருந்து செய்தால், "சேவ்" அழுத்திய நொடியில் உங்கள் இணைப்பே அறுந்துபோகும். பயப்பட வேண்டாம், புதுக் கடவுச்சொல்லைப் போட்டு மறுபடி இணைந்தால் சரியாகிவிடும்.

பட்டியலில் இத்தனை பெயர்கள் ஏன்? எது என்ன?

ஒன்றை உடைத்தார்கள், அடுத்தது வந்தது. அதையும் அசைத்துப் பார்த்தார்கள், அதற்கடுத்தது வந்தது. அந்த வரிசை முழுவதும் பட்டியலில் அப்படியே தங்கிவிட்டது.

முதலில் வந்தது டபிள்யூஇபி, 1997-இல். அது காற்றில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் 24 பிட் நீளத்தில் ஒரு தொடக்க எண்ணைச் சேர்த்துக் குறியாக்கம் செய்தது. 24 பிட் என்றால் மொத்தமே சுமார் 1.67 கோடி எண்கள். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஆள் நடமாட்டம் உள்ள நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் எண்கள் தீர்ந்து, பழையவையே திரும்ப வர ஆரம்பிக்கும். குறியாக்கத்தில் ஒரே எண் திரும்ப வருவது திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் அதன் அடிப்படைப் பலவீனத்தையே எடுத்துக் காட்டினார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் சாவியை எடுத்துவிடலாம் என்று செய்தே காட்டிவிட்டார்கள். அதனால் டபிள்யூஇபி வைப்பதும் பூட்டே போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

அடுத்து 2003-இல் டபிள்யூபிஏ. இது இடைக்கால ஏற்பாடு. ஏற்கெனவே விற்றுப்போன கருவிகளைத் தூக்கிப் போடாமல், மென்பொருளை மட்டும் மாற்றி ஓரளவு பாதுகாக்க வேண்டும் என்று செய்தது. அதற்குள் ஓடும் குறியாக்க முறைதான் டிகேஐபி. 2004-இல் முறையான தீர்வாக டபிள்யூபிஏ2 வந்தது. அதன் குறியாக்கம் ஏஇஎஸ். 2006 மார்ச் முதல் வைஃபை சான்றிதழ் வாங்கும் எந்தக் கருவியிலும் டபிள்யூபிஏ2 கட்டாயம். உங்கள் வீட்டில் இருக்கும் அநேகமாக எல்லாக் கருவிகளும் அதற்குப் பிந்தியவைதான். 2018 ஜூனில் டபிள்யூபிஏ3. 2020 ஜூலை முதல் சான்றிதழுக்கு அது கட்டாயம்.

"பிஎஸ்கே", "பர்சனல்" இரண்டும் ஒன்றே. வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்று பொருள். "என்டர்பிரைஸ்" என்று இருப்பதைத் தொடாதீர்கள். அதற்கு ஒவ்வொருவரையும் சரிபார்க்கத் தனியாக ஒரு சர்வர் வேண்டும்; அது அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் உரியது.

"டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 டிகேஐபி+ஏஇஎஸ்" என்று கலவையாக ஒன்று இருக்கிறதே. எல்லாக் கருவியும் இணையும் என்பதால் அதுதானே நல்லது?

இல்லை. இந்தக் கலவையில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பும் செய்திகளை எது பலவீனமோ அந்த முறையிலேயே அனுப்பியாக வேண்டும். பழைய டிகேஐபி கருவி ஒன்றுகூட வீட்டில் இல்லாவிட்டாலும் அப்படித்தான் போகும்.

இதில் வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. 802.11என் என்ற வைஃபை தலைமுறையிலிருந்து வந்த வேகங்கள் எல்லாம் ஏஇஎஸ் இருந்தால்தான் கிடைக்கும். டிகேஐபி அல்லது டபிள்யூஇபியில் இணைந்த கருவி பழைய 54 எம்பி வேகத்துக்கு இறங்கிவிடும். கைக்கு வருவது அதில் பாதிகூட இருக்காது.

மூன்றாவது மாடியில் இருக்கும் மாமா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 100 எம்பி பிளானுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். போனில் சோதித்தால் 20-ஐத் தாண்டவில்லை. இரண்டு முறை புகார் கொடுத்தார், லைனை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், வேகம் மாறவில்லை. நான் போனபோது ரவுட்டர் அலமாரிக்கு மேல், முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தூரம்தான் காரணம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால் "டபிள்யூபிஏ-பிஎஸ்கே, டிகேஐபி". அதை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றி, அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி மறுபடி சோதித்தோம். 93 காட்டியது. ஒன்றரை வருடமாக முழுப் பணத்தையும் கட்டி ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை வாங்கியிருக்கிறார் மனிதர். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பொருத்த வந்தவர் அரை நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

என் வீட்டில் இப்போது எது இருக்கிறது என்று ரவுட்டருக்குள் போகாமலே பார்க்க முடியுமா?

முடியும். ஆண்ட்ராய்டில் வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களைத் திறந்தால் "செக்யூரிட்டி" என்ற வரி இருக்கும். விண்டோஸிலும் வைஃபையின் ப்ராபர்ட்டீஸில் இருக்கும். ஐபோனில், வைஃபை பெயருக்குக் கீழே "வீக் செக்யூரிட்டி" என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன டிகேஐபி அல்லது டபிள்யூஇபி விவகாரம்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்துவிடலாமா? அல்லது இரண்டும் சேர்ந்ததா?

உங்கள் வீட்டுக் கருவிகளைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டு 10 முதல் டபிள்யூபிஏ3 ஆதரவு இருக்கிறது (போனின் சிப்பும் இடம் கொடுக்க வேண்டும்). ஐபோன் 7 முதல் இருக்கிறது. விண்டோஸ் 10-இல் 2019-இல் வந்த பதிப்பிலிருந்து இருக்கிறது. வீட்டில் இருப்பது மூன்று போன், ஒரு லேப்டாப், எல்லாமே புதிது என்றால் டபிள்யூபிஏ3 மட்டும் வைத்துப் பாருங்கள். எல்லாம் இணைந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு டிவியோ ஸ்மார்ட் பிளக்கோ அடம்பிடித்தால் கலவைக்கு வாருங்கள்.

டபிள்யூபிஏ3-இன் பெரிய பலன் இதுதான். டபிள்யூபிஏ2-இல் உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது நடக்கும் கைகுலுக்கலை வெளியில் நிற்கும் ஒருவர் பதிவு செய்துகொண்டு போய்விடலாம். வீட்டுக்குப் போய், தன் கணினியில் சாவகாசமாகக் கோடிக்கணக்கான கடவுச்சொற்களைப் பொருத்திப் பார்க்கலாம். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. டபிள்யூபிஏ3 அந்த வழியை அடைக்கிறது. ஒவ்வொரு ஊகத்தையும் உங்கள் ரவுட்டரோடு நேரில் பேசித்தான் சோதிக்க முடியும்.

ஆனால் கலவையில் இரண்டுக்கும் ஒரே கடவுச்சொல்தான். டபிள்யூபிஏ2 வழியாக இணையும் ஒரே ஒரு கருவியின் கைகுலுக்கலைப் பிடித்தாலும் கடவுச்சொல்லை வெளியே கொண்டுபோய் உடைக்கப் பார்க்கலாம். அதனால் டபிள்யூபிஏ3 இருக்கிறதே என்று சின்னக் கடவுச்சொல் வைத்துவிடாதீர்கள்.

பழைய கருவி ஒன்று டபிள்யூபிஏ2-இல் இணைய மறுக்கிறது. அதற்காக அமைப்பை இறக்கி வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதுகாப்பு இறங்கிக் கிடந்ததற்கு மிக அதிகமாகச் சொல்லப்பட்ட காரணம் இதுதான்: பழைய பிரிண்டர் ஒன்று இருந்தது, அதற்காக மாற்றினோம். பிரிண்டர் பழைய இரும்புக் கடைக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருக்கும். அமைப்பு மட்டும் இறங்கியபடியே இருக்கும். வீட்டில் பத்துக் கருவி இருந்தால், அதில் மிகப் பழையது மற்ற ஒன்பதின் பூட்டையும் தீர்மானிக்கக் கூடாது.

முதலில், உண்மையிலேயே பாதுகாப்பு அமைப்புதான் காரணமா என்று பாருங்கள். ஸ்மார்ட் பிளக், பல்பு, மோட்டார் சுவிட்ச் போன்றவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்து, உங்கள் போன் 5-இல் இருந்தால், முதல் முறை இணைக்கும்போது அவை குழம்பும். பாதுகாப்பை இறக்கினாலும் அது தீராது. அந்த நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிட்டு, இணைத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, கலவை அமைப்பில் "பிஎம்எஃப்" என்று ஒன்று இருக்கும். இணைப்பை வெளியாள் பொய்ச் செய்தி அனுப்பி அறுத்துவிடாமல் காக்கும் வசதி. அது "ரிக்வயர்டு" என்று இருந்தால் பழைய கருவிகள் இணையாது. "ஆப்ஷனல்" அல்லது "கேப்பபிள்" என்று மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்திலேயே டிவி இணைந்துவிட்டது.

அதற்கும் மசியவில்லையா? பல ரவுட்டர்களில் "கெஸ்ட் நெட்வொர்க்" என்று இரண்டாவது பெயர் ஒன்றை உருவாக்கலாம். அதற்குத் தனிக் கடவுச்சொல், தனி அமைப்பு. டபிள்யூபிஏ3 ஒத்துவராத கருவியை அங்கே டபிள்யூபிஏ2-இல் விடுங்கள். பொதுவாக, கெஸ்ட்டில் இருக்கும் கருவி உங்கள் லேப்டாப்பையோ மற்ற போன்களையோ எட்டிப் பார்க்க முடியாது. இணையம் மட்டும் கிடைத்தால் போதும் என்கிற கேமரா, பிளக், பல்பு எல்லாவற்றையும் நான் அங்கேதான் வைக்கிறேன்.

பிரிண்டர் மட்டும் இதற்குச் சரிப்படாது. கெஸ்ட்டில் வைத்தால் போனிலிருந்து அதற்கு அச்சிட முடியாமல் போகும். எதிர் வீட்டு அக்கா பிள்ளைகளின் ஹால் டிக்கெட் அச்சிட வைத்திருந்த பழைய பிரிண்டரை யூஎஸ்பி கேபிளில் மாட்டிவிட்டோம். டிகேஐபி அல்லது டபிள்யூஇபி தவிர வேறெதுவும் தெரியாத கருவிக்குக் கேபிள்தான் வழி. கேபிளுக்கும் இடமில்லை என்றால் அதை வைஃபையிலிருந்து எடுத்துவிடுவதுதான் நல்லது.

கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும்? போன் நம்பர் வைத்தால் என்ன? பத்து இலக்கம் இருக்கிறதே?

பத்து இலக்கம் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த பத்து இலக்கம். கடை போர்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கும் எண் அது.

உங்கள் எண் எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கும். மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். விளையாட்டுக் கணினியில் இருக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று டபிள்யூபிஏ2 கடவுச்சொற்களை விநாடிக்கு 10 லட்சம் அளவில் சோதிக்கும். 400 கோடியையும் முடிக்க 4,000 விநாடி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டீ குடித்து, குளித்து வருவதற்குள் உங்கள் வைஃபை திறந்திருக்கும்.

இது வெறும் கணக்கு அல்ல. 2021-இல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் தெருக்களில் சுற்றி 5,000 வைஃபை நெட்வொர்க்குகளின் தடயங்களைச் சேகரித்துச் சோதித்தார். 70 சதவீதத்துக்கு மேல் உடைந்தன. அந்த ஊரிலும் பலர் வைத்திருந்தது சொந்த மொபைல் எண்ணைத்தான்.

கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஆங்கில எழுத்து, எண், குறியீடுகளில்தான் வைக்க வேண்டும். நான் சொல்லும் முறை: ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, நடுவில் கோடு போட்டுச் சேர்ப்பது. கப்பல், நண்டு, முயல், மரம், நரி என்பது போல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) 5,000 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நான்கு எடுத்தால் 625 லட்சம் கோடி சேர்க்கைகள். மேலே சொன்ன அதே கார்டுக்கு எல்லாவற்றையும் முடிக்க ஏறத்தாழ 20 ஆண்டு ஆகும். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் ஒரு லட்சம் ஆண்டு. அதற்காகவே ஐந்து வையுங்கள். கண்ணை மூடி எடுப்பது முக்கியம். குலதெய்வம், பிள்ளை பெயர், பிறந்த ஊர், பிடித்த நடிகர் என்று கோத்தால் இந்தக் கணக்கு செல்லாது. அகராதியை ஐந்து இடத்தில் விரித்து, விரல் பட்ட சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுபவத்தில் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ழ, ற, நெடில் வரும் சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். என் வீட்டில் முதலில் வைத்த கடவுச்சொல்லில் 'மழை' இருந்தது. நான் ஒரு மாதிரி எழுதினேன், என் மனைவி வேறு மாதிரி எழுதினாள், ஊரிலிருந்து வந்த அப்பா மூன்றாவது மாதிரி எழுதிவிட்டு, "நெட் வேலை செய்யல" என்று போனை வைத்துவிட்டார். ஆளுக்கு ஆள் ஆங்கிலத்தில் எழுத்து மாறாத சொற்களாக எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஐந்து சொல்லை விருந்தாளிக்கு எப்படிச் சொல்வது?

சொல்லவே வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபை விவரத்தில் "ஷேர்" தொட்டால் க்யூஆர் வரும். வந்தவர் கேமராவைக் காட்டினால் இணைந்துவிடும். நாங்கள் கெஸ்ட் நெட்வொர்க்கின் க்யூஆரை அச்சிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். க்யூஆருக்குள் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே இருக்கும், யார் படம் எடுத்தாலும் படித்துவிடலாம். அதனால் முதன்மை வைஃபையின் க்யூஆரைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியாக இருக்கிறதே, ஏன் அணைக்கச் சொல்கிறீர்கள்?

பொத்தானோடு சேர்ந்து வரும் எட்டு இலக்கப் பின் நம்பர்தான் பிரச்சினை. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி சாத்தியங்கள் இருக்க வேண்டும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. போதாக்குறைக்கு, முதல் நான்கு சரியா தவறா என்று ரவுட்டரே தனியாகச் சொல்லிவிடுகிறது. அப்படியானால் முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000, ஆக 11,000 முயற்சி போதும். 2011 டிசம்பரில் ஸ்டீஃபன் வீபோக் என்ற ஆய்வாளர் இதை வெளியிட்டார். பின் நம்பர் கிடைத்தால் உங்கள் ஐந்து சொல் கடவுச்சொல்லையும் ரவுட்டர் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். நீங்கள் முன்கதவுக்கு எவ்வளவு பெரிய பூட்டு போட்டிருந்தாலும் பயனில்லை.

பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடம் மட்டும் திறந்திருக்கும். அந்த முறை அவ்வளவு ஆபத்தில்லை. சில ரவுட்டர்களில் பின் நம்பரை மட்டும் அணைக்க முடியும். அது இருந்தால் அப்படிச் செய்யுங்கள், இல்லையென்றால் முழுவதையும் அணையுங்கள்.

வைஃபை பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்புதானே? மேக் ஃபில்டர் போட்டால்?

இரண்டும் பெரிதாக உதவாது. பெயரை மறைத்தாலும் உங்கள் போன் இணையும்போது அந்தப் பெயரை வெளிப்படையாகச் சொல்லியே இணைகிறது, கவனிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதைவிட, நீங்கள் பஸ்ஸிலோ கடைத்தெருவிலோ இருக்கும்போதுகூட போன் "அந்தப் பெயர் இங்கே இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் மேக் முகவரி என்று ஓர் அடையாள எண் உண்டு. மேக் ஃபில்டர் என்பது அனுமதித்த கருவிகளின் மேக் முகவரிப் பட்டியல். அந்த முகவரிகள் காற்றில் குறியாக்கம் இல்லாமல் போகின்றன. பார்த்து அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்களே தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் வேறொன்றைக் காட்டுகின்றன. பட்டியலைப் பராமரிக்கிற உங்களுக்குத்தான் வேலை.

பெயர் வைக்கும்போது வீட்டு எண்ணையும் சொந்தப் பெயரையும் தவிர்த்தால் போதும். ரவுட்டர் மாடலின் பெயரோடு வந்ததை மாற்றிவிடுங்கள். கடவுச்சொல்லோடு வைஃபை பெயரையும் கலந்துதான் டபிள்யூபிஏ2 சாவியைச் செய்கிறது. எல்லா வீட்டிலும் இருக்கும் பெயர் என்றால் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியல்கள் உங்களுக்கும் பொருந்திவிடும்.

யாராவது பயன்படுத்திவிட்டுப் போகட்டுமே, அன்லிமிடெட் பிளான்தானே?

தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது போலத்தான் பலர் இதை நினைக்கிறார்கள். அந்த நல்ல மனதை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் இணைப்பிலிருந்து போகும் எதுவும் உங்கள் பெயரில்தான் பதிவாகும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் ஐபி முகவரியைத் தொடர்ந்த போலீஸ் நவி மும்பையின் சான்பாடாவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் போய் நின்றது. அங்கே குடியிருந்த அமெரிக்கருக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை. அவருடைய வைஃபை பாதுகாப்பில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். கணினிகள் பறிமுதல், விசாரணை என்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், தெரிந்தவருக்குக் கெஸ்ட் நெட்வொர்க்கைக் கொடுங்கள். அவர்கள் நெட் சரியானதும் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

வைஃபை கடவுச்சொல்லும் அட்மின் பாஸ்வேர்டும் வேறு வேறா?

வேறு வேறு. முதலாவது வீட்டுக்குள் வருவதற்கு, இரண்டாவது பீரோவைத் திறப்பதற்கு. ஸ்டிக்கரில் இருக்கும் "அட்மின், அட்மின்" போன்றதை விட்டுவைக்காதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் 60-க்கு மேற்பட்ட தொழிற்சாலைப் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த அக்டோபரில் அவற்றைத் திருப்பிவிட்டு அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கினார்கள். அதே பக்கத்தில், வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழைய விடும் "ரிமோட் மேனேஜ்மென்ட்" திறந்திருந்தால் அதையும் மூடுங்கள்.

ரவுட்டரின் மென்பொருள் புதுப்பிப்பும் இங்கேதான் இருக்கும். 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்ஹோஃப் டபிள்யூபிஏ2-இன் கைகுலுக்கலிலேயே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். அதைச் சரிசெய்யக் கருவிகளின் மென்பொருளைப் புதுப்பித்தாலே போதுமாக இருந்தது. புதுத் தரம் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ரவுட்டரைப் போலவே போனையும் புதுப்பித்து வையுங்கள்.

எல்லாவற்றையும் மாற்றினேன், இப்போது எதுவும் இணையவில்லை. ரீசெட் அடிக்கவா?

பொறுங்கள். அநேகமாகப் போன்கள் பழைய கடவுச்சொல்லையே நினைவில் வைத்து முயன்றுகொண்டிருக்கும். "ஃபர்கெட்" தொட்டு, புதிதாக இணையுங்கள். டிவி, கேமரா, பிளக் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீசெட் துளையில் ஊசியை விடும் முன் ஒன்றை யோசியுங்கள். ஃபைபர் இணைப்போடு கேபிள்காரர் கொடுத்த பெட்டி என்றால், அதற்குள் உங்கள் இணைப்புக்கான பயனர் பெயர் உள்ளிட்ட அமைப்புகளும் இருக்கலாம். ரீசெட் அடித்தால் அவையும் போய்விடும். அப்புறம் ஆள் வந்து போடும்வரை வீட்டில் நெட் இருக்காது. முதலில் அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "பேக்கப்" பொத்தான் இருந்தால் அதையும் அழுத்திக் கோப்பைச் சேமியுங்கள். நான் எந்த வீட்டில் எதை மாற்றினாலும் முதல் வேலை இந்தப் படம் எடுப்பதுதான்.

கடவுச்சொல்லை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது?

நாள் கணக்கு தேவையில்லை. காரணம் வந்தால் மாற்றுங்கள்: வீட்டில் தங்கியிருந்தவர் கிளம்பிவிட்டார், வாடகைக்கு இருந்தவர் காலி செய்தார், போன் தொலைந்தது, ரவுட்டரின் இணைந்த கருவிகள் பட்டியலில் உங்களுடையது அல்லாத ஒன்று தெரிகிறது. அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது உடனே சந்தேகப்பட வேண்டாம். போன் தன் முகவரியை மாற்றிக் காட்டுவதால் உங்கள் பையனின் போனே புது ஆளாகத் தெரியலாம். வீட்டில் எல்லோருடைய வைஃபையையும் ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். அப்போதும் பட்டியலில் ஏதாவது மிச்சமிருந்தால், டிவி, பிளக் என்று ஒவ்வொன்றாகக் கழித்து வாருங்கள். கடைசிவரை கணக்கில் வராதது ஒன்று நின்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.